கோத்தகிரி ரோட்டில் ஏழு வருடம்: என் காரின் சஸ்பென்ஷன் கணக்கு

எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாராவது புதிதாகக் கார் எடுத்தால், பத்து நாளில் என்னிடம் ஒரு கேள்வி வந்துவிடும். "சஸ்பென்ஷன் எத்தனை கிலோமீட்டர் வரும் டீச்சர்?" சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் குலுக்கலைத் தாங்கும் பாகங்களைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ரோட்டில்?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரே காரணத்தால் வந்தது. ஒரே காரை, ஒரே ஆள், இரண்டு விதமான சாலைகளில் ஓட்டியிருக்கிறேன். 2014இல் கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது வாங்கிய சின்னக் கார் அது. நான்கு வருடம் அன்னூர் ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் 38,000 கிலோமீட்டர் ஓடியது. சஸ்பென்ஷன் என்ற சொல்லே அந்த நான்கு வருடத்தில் என் வாயில் வந்ததில்லை. 2018 ஜூனில் மாற்றல் வாங்கிக் கோத்தகிரிக்கு வந்தேன். பள்ளி கீழ்க்கோத்தகிரிப் பக்கம். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல், அத்தனையும் வளைவு. அது போக அம்மாவை மருத்துவமனைக்குக் காட்ட மாதம் ஒரு முறையாவது மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்க வேண்டும். இன்று மீட்டர் 1,06,000 காட்டுகிறது. டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். என்ன மாற்றினோம், எந்தப் பக்கம், எந்தத் தேதி, மீட்டர் எவ்வளவு என்று அதில் எழுதிவிடுவேன். கீழே வரும் எண்கள் அந்த நோட்டில் உள்ளவை.

முதல் சத்தம் 2019 நவம்பரில் வந்தது. மீட்டர் 52,000. சின்னக் கல்லில் ஏறினாலும் முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒரு சத்தம். கோவைக்குப் போயிருந்தபோது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "நாலு ஷாக்கும் போயிடுச்சு மேடம், அம்பதாயிரம் ஓடினா அவ்வளவுதான்" என்றார்கள். ஷாக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய், அதற்குள் ஒரு ராடு ஏறி இறங்கும். மலை ரோட்டு வண்டி என்பதால் நானும் நம்பிவிட்டேன். 13,000 ரூபாய்க்கு மேல் ஆனது. மறுநாள் காலை கோத்தகிரியிலேயே, டானிங்டன் தாண்டுவதற்குள் அதே 'டக் டக்'.

கோத்தகிரியில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் இருக்கிறார். நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஓட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறும்போது சத்தம் வருதா, இல்ல ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழும்போது வருதா?" யோசித்துப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் சத்தமே இல்லை. பால் சொசைட்டி பக்கத்துப் பள்ளத்தில் இடது சக்கரம் இறங்கினால் நிச்சயம் வரும். "அப்ப லிங்க் ராடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் ஜாக்கியை எடுத்தார்.

முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கும் ஒரு வளைந்த கம்பி உண்டு, ஸ்டெபிலைசர் பார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயாமல் பிடித்து வைப்பது அதுதான். அந்தக் கம்பியின் இரு முனைகளையும் சக்கரத்துப் பக்கம் கோப்பது லிங்க் ராடு. ஒரு சாண் நீள இரும்புத் துண்டு, இரு முனையிலும் கோலிக்குண்டு போல ஒரு மூட்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் இந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஆனால்தான் அது முறுக்கிக்கொள்ளும். அன்னூர் ரோட்டில் அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் வந்தது. இங்கே ஒவ்வொரு வளைவிலும் முறுக்குகிறது, அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. இரண்டு லிங்க் ராடும் மாற்ற 1,100 ரூபாய். சத்தம் அத்தோடு நின்றது.

அன்று அண்ணா செய்த இன்னொரு காரியத்தை மறக்க மாட்டேன். கழற்றிய பழைய ஷாக்குகளை நான் டிக்கியிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவர் ஒன்றை எடுத்துத் தரையில் நிறுத்தி, தன் எடையைப் போட்டு ராடை அழுத்தினார். கனமாக, ஒரே சீராக உள்ளே போனது. கையை எடுத்ததும் மெதுவாக, எங்கும் தடுக்காமல் மேலே வந்தது. எண்ணெய்க் கசிவும் இல்லை. நான்கையும் அப்படியே பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. சம்பளத்தில் எடுத்துப் போட்ட பணம் அது.

ஆகையால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷாக் தேய்ந்தால் பெரும்பாலும் சத்தம் வராது, வண்டி மிதக்க ஆரம்பிக்கும். வேகத்தடை தாண்டிய பிறகும் முன்பக்கம் இரண்டு மூன்று தடவை தலையாட்டும். பிரேக் பிடித்தால் மூக்கு அதிகமாகக் குனியும். 'டக் டக்' என்று வந்தால் முதலில் லிங்க் ராடு, அப்புறம் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ், அப்புறம் மற்றவை. பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறக்காதீர்கள். தர மறுக்கும் பட்டறைக்கு நான் மறுபடி போவதில்லை.

ஷாக்குக்கு என்னதான் ஆயுள் என்றால், பொதுவாக 60,000 முதல் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை சொல்வார்கள். சமவெளியில் நல்ல ரோடாக இருந்தால் அதையும் தாண்டி ஓடிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் புதிதாகப் போட்ட முன்பக்க ஜோடி 39,000தான் வந்தது. அதற்கும் ஒரு காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இப்போது லோயர் ஆர்ம் கதை. நான் அதிகமாகக் கற்றுக்கொண்டது இதில்தான்.

2021இல் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு காரில் ஒவ்வொரு அதிர்வும் அவருக்கு வலி. மேட்டுப்பாளையம் போகும் வழியில் குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முன்பக்கம் அடியில் 'டொம்' என்று ஒரு தட்டு. ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் போட்டாலும் அதே தட்டு. அம்மா உடனே கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் உடம்போடு கீழே பிடித்து வைக்கும் கை. அது வண்டியோடு சேரும் இடங்களில் ரப்பர் புஷ் இருக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம். இறக்கத்தில் வண்டியின் பாரம் அதிகமாக முன்னால் வந்து உட்காரும். அந்த நேரத்தில் பிரேக் போட்டால் சக்கரம் பின்னால் தள்ளப்படும், அந்தத் தள்ளலைத் தாங்குவது இந்த ரப்பர்தான். 64,000இல் என் வண்டியில் இரண்டு பக்கமும் புஷ் விரிசல் விட்டிருந்தது. 2020இல் பள்ளி மூடியிருந்த மாதங்களில் வண்டி அதிகம் ஓடவில்லை, ஆனாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஏழு வருடத்து ரப்பர் அது.

அண்ணா அப்போது ஊரில் இல்லை. அவசரத்துக்குக் கீழே வேறொரு இடத்தில் புஷ் மாற்றினேன். நல்ல பாகம்தான், பெட்டியைப் பார்த்துதான் வாங்கினேன். ஆனால் 73,000இல், ஒன்பதாயிரம் கிலோமீட்டரிலேயே, மறுபடியும் 'டொம்'.

இந்த முறை அண்ணா கழற்றிய புஷ்ஷைத் துணியால் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டியிருக்கும் கருப்பு ரப்பர். ரப்பர் ஒரே திசையில் சாய்வாகக் கிழிந்திருந்தது, ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி வரிவரியாக. "இது தேய்மானம் இல்லீங்க டீச்சர், முறுக்குனது" என்றார். உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும். வெளிவளையம் லோயர் ஆர்மோடு சேர்ந்து ஆடும். நடுவில் ரப்பர் வழுக்குவதில்லை, முறுக்கித்தான் கொடுக்கும். வண்டி ஜாக்கியில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்கும், ஆர்மும் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்து ஆர்ம் மேலே எழும்போது ரப்பர் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். சும்மா நின்றாலும் முறுக்கு, ஓடினால் இன்னும் முறுக்கு. எப்படி நிலைக்கும்?

அதனால் அவர் போல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்திவிட்டு, பட்டறைப் பள்ளத்துக்குள் இறங்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கினார். பத்து நிமிட வேலை. வலதுபக்கம் அன்று போட்ட புஷ் 33,000 கிலோமீட்டராக இன்றும் அசையவில்லை. நீங்கள் எந்தப் பட்டறையில் புஷ் மாற்றினாலும், "தரையில் இறக்கி டைட் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே "தெரியும்ங்க" என்பார்கள். தெரியாதவர்கள் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

அதற்கு அடுத்த மார்ச்சில், 77,000இல், இடது லிங்க் ராடு மட்டும் மறுபடி ஆட ஆரம்பித்தது. முதல் ஜோடி 52,000 வந்தது, அதில் 38,000 சமவெளி. இரண்டாவது ஜோடி முழுக்க மலையில் ஓடி 25,000. இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. ஏன் இடது மட்டும் என்றால், இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம். பஸ் ஏறி வந்தால் நாம்தான் ஒதுங்குகிறோம். தார் முடியும் இடத்தில் நான்கைந்து அங்குலம் இறக்கம். இடது சக்கரங்கள் அதில் விழுந்து, மறுபடி ஏறி வரும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! என் நோட்டில் இடது பக்கத்துக்குத்தான் பதிவுகள் அதிகம். இப்போது ஒதுங்குவதற்கு முன்பே வண்டியை அநேகமாக நிறுத்திவிட்டு, நடை வேகத்தில் சக்கரத்தை இறக்குகிறேன். ஏற்றும்போதும் அப்படியே. பின்னால் ஹார்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

அடுத்தது பால் ஜாயிண்ட். இதில் மட்டும் தயவுசெய்து விளையாடாதீர்கள். லோயர் ஆர்மின் வெளிமுனையில், சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுக்கும் குண்டு மூட்டு அது. மேலே ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். 2023 ஆகஸ்டில் இடது பக்க உறையில் ஒரு சின்னக் கிழிசலை அண்ணா காட்டினார். "மழைக்கு முன்னாடி பாத்துரலாம்" என்றார். பரீட்சை, பேப்பர் திருத்தல் என்று நான் தள்ளிப்போட்டேன். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபரில் பிடித்துக்கொண்டது. நவம்பரில் அவர் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது, 'கடக்' என்று அசைந்ததை நானே பார்த்தேன். கிழிசல் வழியாகக் கிரீஸ் வெளியே போய், சேறும் தண்ணீரும் உள்ளே போயிருந்தது. மூன்று மாதம், அவ்வளவுதான். பொதுவாக 80,000, ஒரு லட்சம் வரை வரக்கூடிய பாகம். என்னுடையது 84,000இல் போனது, உறை கிழியாமல் இருந்திருந்தால் இன்னும் வந்திருக்கும். இந்த மூட்டு கழன்றால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே விரிந்து, வண்டி முன்னால் உட்கார்ந்துவிடும். ஸ்டீரிங் கையில் இருக்கும், சக்கரம் கேட்காது. குஞ்சப்பனை வளைவில், பக்கத்து சீட்டில் அம்மாவோடு, அது நடந்திருந்தால் என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வண்டியில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும், அதனால் இடது ஆர்மையே மாற்றினோம்.

அதிலிருந்து ஜூன் தொடக்கத்தில் ஒரு தடவை, அக்டோபருக்கு முன் ஒரு தடவை, டார்ச் அடித்து எல்லா ரப்பர் உறைகளையும் பார்த்துவிடுகிறோம். ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை மூட்டு, அதாவது டை ராடு எண்ட், அதன் உறையும் இதில் சேரும். சக்கரத்தைத் தூக்கி இடம் வலமாக ஆட்டினால் டை ராடின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் ஆட்டினால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் சமதரையில், மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு. நம் ஊரில் சமதரை கிடைப்பதுதான் கஷ்டம்.

இனி அந்த 39,000 கிலோமீட்டர் ஷாக். 2024 ஜூனில், 91,000இல், முன்பக்கம் இரண்டிலும் எண்ணெய் வழிந்திருந்தது. லேசாக வியர்த்த மாதிரி ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். மண் ஒட்டிய கருப்புக் கோடாக வழிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஷாக்கின் ராடைத் தூசி படாமல் மூடும் ரப்பர் உறையையும், அடியில் முட்டாமல் தாங்கும் பம்ப் ஸ்டாப்பையும், 2019இல் பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பம்ப் ஸ்டாப் கையில் எடுத்ததும் பழைய ரஸ்க் போல உதிர்ந்தது. அந்தத் தூளும் ரோட்டு மண்ணும் பளபளப்பான ராடில் உரசி உரசிக் கோடு போட்டிருந்தன. அந்தக் கோடு மேலும் கீழும் போகும்போது எண்ணெயை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை அறுத்துவிட்டது. சில நூறு ரூபாய் ரப்பரை மிச்சம் பிடித்து ஒரு ஜோடி ஷாக்கைத் தொலைத்தோம்.

எங்கள் வண்டியில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும், அந்த அமைப்பை உருவாக்கிய பொறியாளரின் பெயர் அது. ஒரு தடவை அந்தத் தூணைக் கழற்றினால் கூலி முழுசாக வந்துவிடும். அதனால் ஷாக் மாற்றும்போதே மேலே இருக்கும் மவுண்ட், அதன் பேரிங், உறை, பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ஷாக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஸ்பிரிங் இன்னும் 2014இல் வந்ததேதான். பெரும்பாலும் அது வண்டியோடு வரும். மண் தேங்கும் அடிச் சுற்றில் துரு பிடித்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்க ஷாக்கும் 54,000 தாண்டி நன்றாகவே இருக்கிறது. நான் தனியாகவோ அம்மாவோடோதான் போகிறேன். பின்னால் காய்கறி மூட்டை ஏற்றுபவர்களுக்கு இந்தக் கணக்கு வராது.

பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முழுசாகச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டிக்கொடுக்கும். டயர் நன்றாகப் பேசும். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றுவட்டமாகத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாக, அலை அலையாகத் தட்டுப்பட்டால் ஷாக் சக்கரத்தைத் தரையோடு பிடித்து வைக்கவில்லை என்று அர்த்தம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கும், அல்லது புஷ் போயிருக்கும். லோயர் ஆர்மோ ஸ்ட்ரட்டோ டை ராடோ எதைத் தொட்டாலும் பிறகு அலைன்மெண்ட் பார்த்தே ஆக வேண்டும். அதற்காக நான் மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதை விட்டால் அடுத்த செலவு டயருக்கு.

ஓட்டும் விதமும் கணக்கில் சேரும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, வளைவுக்கு நன்றாக முன்பே மெதுவாகப் பிரேக் தொட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் வளைவு வாசலில்தான் அழுத்துவேன். பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிட வேண்டும், பள்ளத்துக்குள் பிரேக் பிடித்தால் புஷ்ஷுக்கு இரண்டு அடி.

ஸ்ட்ரட் மாற்றிய மறுவாரம் அம்மாவைக் கோவைக்குக் கூட்டிப்போனேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அரவேணு தாண்டி, குஞ்சப்பனை தாண்டி, ஒரு தடவைகூட அவர் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. கீழே தட்டையான ரோடு வந்ததும் கேட்டார்: "ரோட்டைப் புதுசாப் போட்டுட்டாங்களா கண்ணு?"

இப்போது பின்பக்கத்திலிருந்து காலையில் ஒரு 'கிரீச்' வருகிறது. டிசம்பர் குளிரில் ரப்பர் இறுகி அப்படிக் கத்தும், வெயில் ஏறினால் போய்விடும் என்று இரண்டு வாரம் விட்டுப் பார்த்தேன். மதியமும் வருகிறது. பின் ஆக்சில் புஷ்ஷாக இருக்கும், அது இன்னும் கம்பெனியில் போட்டதுதான். சனிக்கிழமை அண்ணா வரச் சொல்லியிருக்கிறார். நோட்டில் தேதியும் மீட்டரும் எழுதிவிட்டேன், எதிரே பாகத்தின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்.